பிறப்பிடம் விளாத்திமுறிப்பு, வதிவிடம் வல்மோரே

அக்கா பிறந்தது விளாத்திமுறிப்பில். இந்த நினைவு மலருக்கான வேலையைத் தொடங்கிய அன்றே, முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டேன். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இதைக் கையில் வாங்கும் உறவுகளில் பலர், சென்ற ஆண்டு வெளிவந்த முதல் மரண அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸ் பாரிஸை வதிவிடமாகவும் கொண்டவர் என்று அதில் இருந்தது. இரண்டும் பிழை. அந்தப் பிழையைத் திருத்துவதற்காகத்தான் இவன் இவ்வளவு எழுதுகிறான் என்று யாராவது நினைத்தால், நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மையும் அதுதான்.

எங்கள் ஐயாவும் அம்மாவும் வடமராட்சிக்காரர். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாயும் விளாத்திமுறிப்புக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும், காடு வெட்டி, கட்டை பிடுங்கி வயலாக்க வந்தவர்கள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு போவதே வழக்கம். வடமராட்சியில் அதற்கான ஆயத்தங்கள் எல்லாம் நடந்திருந்தன. ஆனால் அந்த வருடம்தான் எங்கள் வயலில் முதன்முதலாக நெல் விளைந்து அறுவடைக்கு நின்றது. பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க ஐயாவைத் தனியே விட்டுப்போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. அறுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார். நெல்லை அடித்து எடுக்க முன்னரே அக்கா அவசரப்பட்டுவிட்டார். வயற்கொட்டிலில்தான் பிறந்தார். எங்கள் ஊரில் பிறந்த முதல் பிள்ளை தானே என்று கடைசிவரை பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டத்துக்குப் போட்டி போட யாரும் துணியவில்லை.

ஐயா காலமானபோது அக்கா பாடசாலைக் கடைசி வகுப்பில் இருந்தார். நான் சின்னவன். அம்மா உடைந்துபோய் இருந்த அந்த மாதங்களில், அக்காதான் வாய்க்கால் கட்டில் மண்வெட்டியோடு நின்று எங்கள் முறைக்குத் தண்ணீர் கட்டினார். மேல்வயல்காரர் மடையை மறித்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தபோது, "எனக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும், மறிப்பை எடுங்கோ" என்றாராம். அந்த மனிதர் பிறகு அக்காவின் கல்யாணத்துக்கு வாழைக்குலை கொண்டுவந்தார். வீட்டில் மூத்தவர் எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் அக்கா எடுத்தார். நான் படித்தது, இன்று சொந்த வயலில் நிற்பது, எல்லாம் அவர் போட்ட பாதை.

அத்தான் உழவு இயந்திரம் திருத்துவதில் பெயர் எடுத்தவர். கல்யாணமாகிச் சில வருடங்களில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்த காலத்தில் அக்கா பட்ட துன்பத்தை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அதே பாதையால் நடந்தவர்கள்தான். போர் நெருங்கியதும், உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டைகளுக்கு மேல் மகளை இருத்திக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். காட்டுக்கரையில் தறப்பாள் கூடாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் அழாதவர், ஊரில் பட்டி மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்ததை நினைத்து அழுதார்.

கடைசியில் அத்தான் கூப்பிட, பிரான்சில் போய் இறங்கிய புதிதில் பாரிஸில் கொஞ்சக் காலம் இருந்தார்கள், வேறு குடும்பங்களோடு ஒரே வீட்டில், சமைக்கக் குசினிக்கு முறை வைத்து. அத்தான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே பழுதாகிப் போயிருந்த இயந்திரம் ஒன்றை அவர் ஓட வைத்ததைக் கண்ட முதலாளி, நாட்டுப்புறத்தில் தன் மைத்துனர் நடத்திய பாற்கட்டித் தொழிற்சாலைக்கு அவரை அனுப்பிவைத்தார். அப்படித்தான் அவர்கள் வல்மோரேக்குப் போனார்கள். பாரிஸில் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் விசர் பிடித்துவிட்டது என்றார்கள். தமிழ்க்கடை இல்லை, கோயில் இல்லை, கதைக்க ஆள் இல்லை. அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அங்கை மாடு இருக்கோ?"

மாடு இருந்தது. மனிதர்களைவிட மாடுதான் கூட. வல்மோரே, பிரான்சின் நடுப்பகுதியில் ஒரு மலைச்சரிவில் இருக்கும் சிற்றூர். ஒரு தேவாலயம், ஓர் ஊர்மன்றம், கல்லில் கட்டிய பொதுச் சலவைத் தொட்டி, போரில் இறந்தவர்களுக்கு ஒரு தூண், பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. கடை கிடையாது. காலையில் பேக்கரியின் பாண் வான் வந்து ஹோர்ன் அடிக்கும். ஆள் வெளியே வராவிட்டால் கதவில் தொங்கும் பையில் பாணைப் போட்டுவிட்டுப் போகும். மேயர் என்றதும் பெரிய ஆளாக நினைக்க வேண்டாம். அவர் மாடு வளர்ப்பவர். ஊர்மன்றக் கூட்டத்துக்கும் சேற்றுச் சப்பாத்தோடு வருபவர்.

அக்காவின் வீடு தேவாலயத்துக்கு நேர் எதிரே இருந்தது. அந்த ஊரில் தேவாலயத்தை எப்போதும் பூட்டித்தான் வைப்பார்கள். பார்க்க வருபவர்கள், கதவில் எழுதியிருக்கும் வீட்டில் பூட்டின் திறப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அது அந்த நாட்டுச் சிற்றூர்களில் பொதுவான வழக்கமாம். திறப்பை அதுவரை வைத்திருந்த மதாம் ஜெர்மேனுக்கு முழங்கால் நோ. ஒருநாள் அவர் அக்காவின் வீட்டுக்கு வந்து, மேசையில் அந்தப் பெரிய இரும்புத் திறப்பை வைத்தார். பிறகு நடந்ததை அக்கா தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்:

"நான் சைவம் எண்டு சொன்னன் தம்பி. உனக்குக் கதவு திறக்கத் தெரியுமோ எண்டு அவா கேட்டா. அது தெரியும் எண்டன். பிறகென்ன எண்டு கேட்டுப்போட்டுப் போட்டா."

அன்று தொடங்கியது. திறப்பு வாங்க வருபவர்கள் சும்மா போவதில்லை. இது எந்தக் காலத்துக் கட்டடம், இந்தச் சிலை யாருடையது, கோபுரத்தில் ஏன் ஒரு மணி மட்டும் இருக்கிறது என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்வது எங்கள் அக்காவுக்கு ஆகவே ஆகாத காரியம். வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கினார். அரைகுறைப் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பாராம். மூன்று மணிகளில் இரண்டை அந்த நாட்டுப் புரட்சிக் காலத்தில் இறக்கிக்கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள் என்று அறிந்தார். பூட்டிய வீடுகளில் யார் இருந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் எந்தப் பட்டணத்துக்குப் போனார்கள் என்பதையும் கேட்டு அறிந்தார். சலவைத் தொட்டியில் தண்ணீர் விழுகிற மேல்பக்கத்தில் யார் துவைப்பது என்று அந்தக் காலத்துப் பெண்கள் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்கு உடனே தொலைபேசி வந்தது. "தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இஞ்சையும் சண்டைதானடா" என்றார். அத்தனை மகிழ்ச்சி அந்தக் குரலில்.

ஊரின் சேமக்காலையில் ஒரு கல்லறை அக்காவின் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயரும் "அகதி" என்ற சொல்லும் மட்டும் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் வடக்கே இருந்து குதிரை வண்டில்களில் ஓடிவந்த சனங்களில் ஒருத்தி. அந்த ஊரில் தங்கிய இடத்தில் காய்ச்சலில் இறந்தவள். எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் வடக்கு என்றார்கள். "வடக்கு எண்டால் எங்கை? நாங்களும் வடக்குத்தான்" என்று அக்கா அவர்களிடம் சண்டைக்குப் போனார்.

பிறகு ஒருநாள் மேயரின் மாட்டுக்கொட்டிலுக்குப் பால் வாங்கப் போனபோது, கதவுப்பலகையில் ஆணி அடித்திருந்த சிறிய தகடு ஒன்றைக் கண்டார். அந்தக் காலத்தில் பிரான்சில் ஒவ்வொரு வண்டிலிலும் சொந்தக்காரரின் பெயரும் ஊரும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். மேயரின் தகப்பனார், கதவு பழுதான காலத்தில் கைக்கு அகப்பட்ட வண்டில் பலகையைத் தகட்டோடு சேர்த்து அடித்துவிட்டிருக்கிறார். தகட்டில் இருந்த குடும்பப் பெயரும் கல்லறையில் இருந்த குடும்பப் பெயரும் ஒன்று. மேயர் பிறந்த நாள் தொட்டுத் திறந்து மூடிய கதவு அது. அவருக்கு முகம் சிவந்துவிட்டதாம். அடுத்த வாரமே அந்த வடக்கு ஊரின் மன்றத்தோடு கதைத்தார். அங்கே அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். அவர்கள் வந்து நின்று பார்க்க, கல்லறையில் ஊரின் பெயர் வெட்டப்பட்டது.

அன்று மாலை அக்கா எனக்குச் சொன்னதைத்தான் நான் பிறகு பிடித்துக்கொண்டு நின்றேன். "தம்பி, அவளுக்கு ஊர் இருந்தது. எழுதத்தான் ஆளில்லை. எனக்கு நீ இருக்கிறாய். நாளைக்கு என்ர அறிவித்தலிலை யாழ்ப்பாணம், பாரிஸ் எண்டு போட்டியளோ, எழும்பி வந்து கிழிப்பன்."

விடுமுறையில் ஊருக்கு வரும்போதும் இதே கதைதான். வாய்க்கால் பாலத்தடியில் யாரையும் மறித்து, "உங்கட ஊர் எது?" என்று கேட்பார். இங்கேயே பிறந்து, இங்கேயே பேரப்பிள்ளை கண்டவர்களும் பருத்தித்துறை, சாவகச்சேரி என்றுதான் சொல்வார்கள். "அங்கை போய் நிண்டால் உங்களை ஆருக்குத் தெரியும்?" என்று அக்கா மடக்குவார். கேட்ட உடனே விளாத்திமுறிப்பு என்று சொன்னவர்கள், தேயிலைத் தோட்டங்களில் இருந்து அடிபட்டு வந்து வாய்க்காலின் கடைசியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் மட்டும்தான். காணிக்கு இன்னும் உறுதிப்பத்திரம் கிடைக்காதவர்களும் அவர்கள்தான். அக்கா இதைச் சபையில் வைத்துச் சத்தமாகச் சொன்னார். சிலருக்குக் கோபம். எனக்குப் பெருமை.

அத்தான் காலமான பிறகும் அக்கா வல்மோரேயை விட்டு அசையவில்லை. பாரிஸில் தன்னோடு வந்து இருக்கும்படி மகள் கேட்டுப் பார்த்தாள். "திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறது?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். சென்ற ஆண்டு, சில வார நோய்க்குப் பின், மகள் பக்கத்தில் இருக்கத் தன் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

அக்காவின் மகள், என் மருமகள், அழுதுகொண்டு எனக்குச் சொல்லி முடித்த சிறிது நேரத்தில் அறிவித்தல் வெளிவந்துவிட்டது. போட்டவர் எங்கள் பெரியப்பாவின் மகன். பாரிஸில் நெடுங்காலமாக இருப்பவர். எங்கள் குடும்பத்தில் நன்மை தீமை எதற்கும் முன்னுக்கு நிற்பவர், பாசக்காரர். பெரியண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அறிவித்தலைப் பார்த்ததும் அவருக்கு எடுத்தேன்.

"அண்ணா, ஊர் ரெண்டும் பிழையாக் கிடக்குது."

"தம்பி, அந்தக் காட்டு ஊரை ஆருக்குத் தெரியும்? பாரிஸ் எண்டு போட்டாத்தான் சனத்துக்கு விளங்கும். யாழ்ப்பாணம் எண்டு போட்டாத்தான் ஆற்ற ஆக்கள் எண்டு தெரியும்."

"அக்கா சொல்லிப்போட்டுப் போனவா அண்ணா."

"சாகிற ஆக்கள் ஆயிரம் சொல்லுவினம். நாளைக்கு உடலைப் பாரிஸுக்கு எடுக்கப்போறம். மண்டபம் கதைச்சாச்சு. அந்தக் காட்டுக்கு ஆர் போறது, ஐயர் எப்பிடி வாறது?"

மருமகளைக் கேட்டேன். "மாமா, அம்மா இஞ்சைதான்" என்றாள். "ஊர்ச்சனம் காலமை தொடக்கம் வாசலிலை நிக்குதுகள். பூட்டின வீட்டுக்காரரும் பட்டணத்திலை இருந்து வந்திட்டினம். நான் எப்பிடி அம்மாவைத் தூக்கிக்கொண்டு போறது?" எனக்கு அது போதும். திரும்பவும் பெரியண்ணாவுக்கு எடுத்து, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "செத்தவீடு வல்மோரேயிலைதான். நீங்கள் திருத்திப் போடுங்கோ. இல்லாட்டி நான் கிளிநொச்சியிலை இருந்து என்ர பேரிலை இன்னொரு அறிவித்தல் போடுவன்."

ஒரு சாவுக்கு இரண்டு அறிவித்தல் என்றால் எங்கள் சனத்துக்கு வேறு கதை தேவையில்லை. குடும்பம் பிரிந்துவிட்டது என்று கனடாவில் இருந்து அவுஸ்திரேலியா வரை கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பெரியண்ணா தொடர்பைத் துண்டித்தார். பின்னேரம் திருத்திய அறிவித்தல் வந்தது. பாரிஸ் வல்மோரே ஆகியிருந்தது. யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. பாதி வென்றேன்.

விசா எடுத்துப் போக அவகாசம் இல்லை. மருமகள் அனுப்பிய காணொளியில்தான் இறுதிக்கிரியையைப் பார்த்தேன். பாரிஸில் இருந்து உறவினர்கள் வான்களில் போனார்கள், ஐயரையும் ஏற்றிக்கொண்டு. ஊர்மன்றக் கட்டடத்தில் கதிரைகளை ஒதுக்கி, நிலத்தில் இருந்து கிரியை செய்ய இடம் விட்டிருந்தார்கள். மாவிலைக்கு எங்கே போவது என்று ஐயர் திகைத்தபோது, மதாம் ஜெர்மேன் தன் வளவில் இருந்து ஏதோ இலைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஐயரும் மறு பேச்சில்லாமல் வாங்கிக் கட்டினார். அக்காவின் உடல் வெளியே வந்தபோது கோபுரத்து மணி அடித்தது.

அதன்பிறகு மேயர் பேசினார். சேற்றுச் சப்பாத்து இல்லாமல் அவரை ஊரார் பார்த்தது அன்றுதானாம். எங்கள் ஊரின் முதல் பிள்ளை இவர் என்று தொடங்கினார். வல்மோரே ஊர்ச்சனம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தி, இல்லை, அந்த ஊரின் முதல் பிள்ளை என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக, "வி-லா-த்தி-முரிப்பு" என்றார். கூட்டத்தில் இருந்த பிரெஞ்சுக் கிழவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. அக்கா அவர்களிடம் ஊர்க்கதை கேட்டது மட்டுமல்ல, தன் ஊர்க்கதையையும் விடாமல் சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் பெரியண்ணா தானாகவே எனக்கு எடுத்தார். "அந்த மாட்டுக்காரன் சொல்லிப்போட்டான் தம்பி. நான் போட மாட்டன் எண்ட பேரை அவன் சொல்லுறான். எனக்கு நிமிர்ந்து பாக்க ஏலாமக் கிடந்தது." முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் அறிவித்தலை அவரேதான் எழுதினார். இரண்டு ஊரும் சரியாக இருந்தன.

இனி நன்றி. அக்காவின் கடைசி வாரங்களில் முறை வைத்துக் காவல் இருந்த வல்மோரே மக்களுக்கு இந்த எழுத்து விளங்காது. ஆனாலும் எழுதாமல் விட்டால் அக்கா என்னை விடமாட்டார். அங்கே சேர்ந்த வான்களுக்கும், அவற்றை ஓட்டிய பிள்ளைகளுக்கும், கைக்கு அகப்பட்ட இலையால் கிரியையை நிறைவாகச் செய்த ஐயருக்கும் எங்கள் கும்பிடு. அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த விளாத்திமுறிப்பு வீடுகளுக்கு, குறிப்பாக வாய்க்கால் கடைசி வீடுகளுக்கு, நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெரியண்ணாவைக் கடைசிக்கு விட்டது மறந்து அல்ல. ஆண்டு நினைவுக்காக அவர் முன்கூட்டியே ஊருக்கு வந்தார். இந்த மலரின் முகப்பைப் பார்க்கக் கிளிநொச்சியில் அச்சகத்துக்கு என்னோடு வந்தவரும் அவர்தான். படத்துக்குக் கீழே என்ன ஊர் போடுவது என்று அச்சகப் பிள்ளை கேட்டபோது, நான் வாய் திறக்க முன்னரே இரண்டு பெயர்களையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்தபோது, கோப்பையைத் தொடாமல் கேட்டார்:

"தம்பி, எனக்கு என்ன ஊர் போடுவாய்?"

"பாரிஸ்தானே அண்ணா."

"பாரிஸிலை எங்கை? இத்தனை வருசம் அந்தக் கட்டடத்திலை இருக்கிறன். பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. நான் செத்தால் அங்கை ஒரு கதவும் திறவாது."

தேநீரைக் குடிக்கச் சொன்னேன். குடித்தார். எழும்பிப் போகும்போது, தனக்கு ஒதுக்கிய மலர்களோடு இன்னும் ஒன்று கூட வேண்டும் என்றார்.

"ஆருக்கு அண்ணா?"

"பக்கத்து வீட்டுக்கு."

"அவைக்குத் தமிழ் தெரியுமோ?"

"படம் இருக்குத்தானே" என்றார் பெரியண்ணா. "இது ஆர் எண்டு கேப்பினம்."